தும்பிக்கை போனது, ஐ ஏன் போகவில்லை? – கடிதம்

அன்புள்ள ஐயா,

எம்.ஏ. தமிழ் படிக்கிறேன். பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தம் பற்றிப் பத்துப் பக்கக் கட்டுரை எழுத வேண்டும். முதல் பத்தியில் 'பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை இக்கட்டுரை விரிவாக ஆராய்கிறது' என்று எழுதியிருந்தேன். பேராசிரியர் அதை அடிக்கோடிட்டு, 'உங்கள் தீசிஸ் ஸ்டேட்மென்ட் எங்கே?' என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த வரியில் என்ன குறை?

கே.

அன்புள்ள கே.,

தீசிஸ் ஸ்டேட்மென்ட் என்பது கட்டுரை நிறுவ வரும் மைய வாதத்தைச் சொல்லும் வரி. உங்கள் வரி தலைப்பையே திரும்பச் சொல்கிறது. எதைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று தெரிகிறது, என்ன சொல்ல வருகிறீர்கள் என்று தெரியவில்லை. சரி, 'இச்சீர்திருத்தம் தமிழை எளிதாக்கியது' என்று மாற்றினால்? அதுவும் போதாது. யாரும் மறுக்காத ஒன்றை நிறுவப் பத்துப் பக்கம் எதற்கு?

நானாக இருந்தால் தரவில் கண்ணை உறுத்துவது எது என்று தேடுவேன். பெரியார் 1935இல் 'குடிஅரசு' இதழில் புது எழுத்துகளைப் புழங்கத் தொடங்கினார். தமிழக அரசு ஏற்று ஆணையிட்டது 1978இல். பழைய புத்தகம் ஒன்றை எடுத்து 'யானை' என்ற சொல்லைப் பாருங்கள். அதன் னைக்கே ஒரு தும்பிக்கை இருக்கும். ணை, லை, ளையும் அப்படித்தான். ணா, றா, னாவில் துணைக்கால் எழுத்தோடு ஒட்டிச் சுழித்திருக்கும். அவற்றின் ஒகர, ஓகார வடிவங்களிலும் அதே சுழி. இந்த 13 எழுத்துகளும் மாறின. ஐக்கு அய், ஔக்கு அவ் என்றும் பெரியார் எழுதினார். அவை மட்டும் பாடநூலுக்குள் வரவில்லை. ஏன்?

இந்தக் கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதில்தான் மைய வாதம். இப்படி எழுதிப் பார்க்கலாம்: 'எழுத்தின் உருவத்தை மாற்றிய பகுதியை அரசு ஏற்றது, நெடுங்கணக்கிலிருந்து எழுத்தையே எடுக்கும் பகுதியை ஏற்கவில்லை, ஆகவே 1978 ஆணை அச்சுக்கு உதவிய சீர்திருத்தம் என்ற அளவிலேயே நின்றுவிட்டது.' இதை மறுக்க ஆள் வருவார்கள். உருவத்தை மாற்றியதே பெரிய காரியம்தான் என்பார்கள். நல்லது, அவர்களுக்குப் பதில் சொல்லவே இரண்டு பக்கம் வேண்டும். அப்புறம், எதை விடுவது என்பதும் தெரிந்துவிடும். பெரியாரின் இளமைக்காலம், வட்டெழுத்தின் வரலாறு எதற்கும் இதில் வேலையில்லை.

இந்த வரி முதல் நாளே வராது. தோன்றியதை வைத்துத் தொடங்குங்கள். எழுதி முடித்ததும் கடைசிப் பத்தியைப் படித்துப் பாருங்கள், பெரும்பாலும் உங்கள் உண்மையான வாதம் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். அதை முதல் பத்திக்குக் கொண்டுவாருங்கள். அரசாணையையும் தேடிப் படித்துவிடுங்கள். அதில் வேறு காரணம் இருந்தால், மேலே நான் எழுதிய வரியை அடித்துவிட்டு உங்கள் வரியை எழுதுங்கள்.