தண்ணீர்ச் சோதனை சரி என்கிறது, மீன் ஏன் சாகிறது? – பதில்

ஆற்றில் ஆலைக் கழிவு கலக்கும் இடத்துக்குக் கீழே மீன்கள் செத்து மிதக்கின்றன, தண்ணீர்ச் சோதனையிலோ ஒன்றும் இல்லை, மீனைச் சோதித்தால் பிடிபடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிடிபட வாய்ப்பு உண்டு. தண்ணீர் மாதிரி, எடுத்த நேரத்து நிலவரத்தை மட்டும்தான் காட்டும். ராத்திரி திறந்துவிட்டது காலைக்குள் ஓடிப்போயிருக்கும்.

முதலில் ஆக்சிஜன் குறைவா என்று பாருங்கள். விடியற்காலையில் மேலே வந்து வாயைப் பிளந்து திணறி, பெரிய மீன்கள் முதலில் செத்தால் சந்தேகம் அந்தப் பக்கம்தான்.

அது இல்லையென்றால், எதைச் சந்தேகிக்கிறீர்களோ அதற்கேற்ற உறுப்பு வேண்டும். பாதரசத்துக்குத் தசை, காட்மியத்துக்குச் சிறுநீரகமும் ஈரலும். ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லி என்றால் மூளையில் அசிட்டைல்கோலினெஸ்டெரேஸ் என்ற, நரம்பு வேலைக்குத் தேவையான நொதியின் செயல்பாடு குறைந்திருக்கும். ஆண் மீனின் ரத்தத்தில் வைட்டலோஜெனின் ஏறியிருந்தால் (அது பெண் மீன் முட்டைக்காகச் சுரக்கும் புரதம்) ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போல வேலை செய்யும் ரசாயனம் ஆற்றில் இருக்கிறது.

அப்புறம், ஒப்பீடு இல்லாமல் எந்த எண்ணும் நிற்காது. கழிவு கலக்கும் இடத்துக்கு மேலேயிருந்தும் அதே இனம், ஏறக்குறைய அதே அளவு மீன் எடுங்கள். வலசை போகாத இனமாக இருக்கட்டும்.

ஊதி அழுகியது உதவாது. செவுள் இன்னும் சிவந்திருக்கும் மீனை, இல்லாவிட்டால் சாகும் நிலையில் உள்ளதை, எடுத்து ஐஸில் வையுங்கள். கையுறை கட்டாயம். பூச்சிக்கொல்லிச் சோதனைக்கு அலுமினியத் தாளில் சுற்றுங்கள், உலோகச் சோதனைக்குச் சுத்தமான பிளாஸ்டிக் பை.