உறைபனிக்கு முன்: கீரையைச் சேமிப்பது பற்றிச் சில கேள்விகள்

டொரொண்டோ பகுதித் தோட்டக்காரர்கள் அக்டோபர் வந்தால் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: உறைபனி ஒரே இரவில் தண்டுக்கீரையைக் கருக்கிவிடுவதற்குள் என்ன செய்வது? வந்தவற்றில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கழுவி அப்படியே ஃப்ரீசரில் வைத்த கீரை இரண்டு மாதத்தில் வைக்கோல் போல் நாறுகிறது. ஏன்?

முதல் வருடம் நானும் இதையேதான் செய்தேன், அக்கா. ஜனவரியில் ஒரு பானை சாம்பாரைக் கொட்டினோம். கீரையின் மணத்தையும் சுவையையும் கெடுப்பது அதில் உள்ள நொதிகள் (என்சைம்). குளிர் அவற்றை மந்தப்படுத்துமே தவிர அழிக்காது. அதற்குக் கொதிநீர்தான் வேண்டும். கால் கிலோ கீரைக்கு 4 லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்கட்டும். கீரையைப் போட்டு, மறுபடி கொதி வந்ததும் 2 நிமிடம். உடனே ஐஸ் தண்ணீரில் இன்னொரு 2 நிமிடம். பிறகு பிழியுங்கள். சூட்சுமமே பிழிவதில்தான் இருக்கிறது. ஒரு கை உருண்டை ஒருவேளைக் கூட்டுக்குப் போதும். உருண்டைகளைத் தட்டில் பரப்பி, இறுகிய பின் பையில் போட்டுக் காற்றை அழுத்தி எடுத்து, தேதி எழுதி வையுங்கள். மைனஸ் 18 டிகிரியில் 8 முதல் 12 மாதம் வரை சுவை கெடாது.

அதில் பொரியல் செய்யலாமா?

சொதசொதவென்று வரும். கடையலுக்கும் கூட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். உருகவிடாமல், கொதிக்கும் பருப்பில் நேரே போடுங்கள்.

முருங்கை இலை?

உலர்த்துவதே மேல். காம்பு நீக்கி, பருத்தித் துணியில் நிழலில் பரப்புங்கள்; வெயில் பட்டால் பச்சை வெளுத்துவிடும். விரலால் கசக்கினால் நொறுங்க வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அப்படியே அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். பொடித்து அடை மாவில் கலக்கலாம்.

வல்லாரைச் சம்பலுக்கு?

நடக்காது. பச்சையாகத் தின்பதை உறைய வைக்க முடியாது. ஒரு தொட்டியை ஜன்னலோரம் வையுங்கள்.

அம்மா புளிச்சக்கீரைத் தொக்கை எண்ணெய் மிதக்க வெளியிலேயே வைப்பார். பசலையைப் பூண்டோடு வதக்கி அப்படி வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம், தம்பி. புளிச்சக்கீரையில் புளிப்பு உண்டு, பசலையில் இல்லை. புளிப்பில்லாத ஈரக் கீரையை எண்ணெய் மூடினால் காற்று புகாது. பொட்டுலிசம் நச்சை உண்டாக்கும் கிருமிக்கு அந்த இடம்தான் வேண்டும். நிறமோ வாடையோ மாறாமலே நஞ்சாகலாம். அதன் வித்துகள் சாதாரணக் கொதிநிலைக்குச் சாகாது. போத்தலில் அடைக்கத்தான் வேண்டும் என்றால் அதற்கென உள்ள அழுத்தக் கலமும் (pressure canner) சோதித்த நேர அட்டவணையும் வேண்டும். சோறு வைக்கும் குக்கர் போதாது. ஃப்ரீசர் இருக்கும்போது இந்த வம்பு எதற்கு?

பனிப்புயலில் மின்சாரம் போய்விட்டால்?

கதவைத் திறந்து பார்க்காதீர்கள். நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24. மின்சாரம் வந்த பிறகு உருண்டையைத் தொட்டுப் பாருங்கள். உள்ளே இன்னும் பனிக்கட்டி நெருடினால் மறுபடி உறையவிடலாம். முழுவதும் உருகி வெதுவெதுப்பாகிவிட்டால் குப்பைக்குத்தான்.