பந்து ஒரே கையில் இருக்கலாமா?

கேள்வி: எங்கள் 18 வயதுக்கு உட்பட்டோர் கூடைப்பந்து அணியில் பாதிக்கு மேல் புள்ளி எடுப்பது ஒரே பையன். மூன்றாவது குவார்ட்டர் வரை முன்னால் இருப்போம், கடைசியில் கோட்டை விடுவோம். அவனையே நம்பி ஆடுகிறோம் என்று பெற்றோர் குறைப்படுகிறார்கள். அது சரியா?
– ஒரு பயிற்சியாளர், தண்டையார்பேட்டை

பதில்: நன்றாகப் போடுகிறவன் நிறையப் போடுவதில் தப்பே இல்லை. அவன் வெளியே உட்கார்ந்ததும் அணி என்ன ஆகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த மூன்று மேட்சுக்குப் பெஞ்சில் ஒருவரிடம் நோட்டைக் கொடுங்கள். ஒவ்வொரு ஆட்டக்காரரும் எத்தனை ஷூட் செய்தார், எத்தனை ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லா ஷூட்) போட்டார், எத்தனை தடவை பந்தைப் பறிகொடுத்தார் என்று குறிக்கட்டும். ஃப்ரீ த்ரோவை மட்டும் 0.44ஆல் பெருக்கி மற்ற இரண்டோடு கூட்டுங்கள். அவர் கையில் முடிந்த வாய்ப்புகளின் கணக்கு அது. அந்தப் பையன் களத்தில் இருந்த நேரத்தில் அணியின் மொத்தம் எவ்வளவு, அதில் அவன் பங்கு எவ்வளவு? ஐவரும் சமமாக ஆடினால் ஆளுக்கு 20 சதவீதம். நல்ல ஸ்கோரருக்கு 30 வரை வரலாம். 40ஐ நெருங்கினால் மற்ற நால்வரும் வேடிக்கை பார்க்கிறார்கள் என்று அர்த்தம். அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வில் 2016-17 சீசனில் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் இதே கணக்கில் 41 சதவீதத்தைத் தாண்டினார். அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் இருந்தும் அவருடைய ஒக்லஹோமா அணி பிளேஆஃப் முதல் சுற்றிலேயே ஹூஸ்டனிடம் 4-1 என்று தோற்றது.

கடைசிக் குவார்ட்டரில் சரிவதற்கு முதல் காரணம் களைப்பு. திறந்தவெளி சிமென்ட் கோர்ட், சித்திரை வெயில், நாலு மணி மேட்ச் என்றால் கேட்கவே வேண்டாம். அவன் ஷூட் ரிங்கின் முன்விளிம்பில் பட்டுத் திரும்புகிறதா என்று கவனியுங்கள். இடது வலது விலகாமல், குறி நேராக இருந்தும் பந்து எட்டவில்லை என்றால் காலில் தெம்பு போய்விட்டது. மூன்றாவது குவார்ட்டரின் கடைசி 2 நிமிடமும் நாலாவதின் முதல் 2 நிமிடமும் உட்கார வையுங்கள். நடுவில் உள்ள 2 நிமிட இடைவேளையும் சேர்ந்து நல்ல ஓய்வு கிடைக்கும், ஆட்டத்தில் இழப்பது 4 நிமிடம்தான். முன்னிலையில் இருக்கும்போது இதைச் செய்ய மனசு வராது. அப்போதுதான் செய்ய வேண்டும்.

இரண்டாவது காரணம், எதிரணி விழித்துக்கொள்வது. நாலு பேர் ஆளைத் துரத்தாமல் சதுரமாக நின்று ஆளுக்கொரு இடத்தைக் காக்க (ஜோன்), ஐந்தாவது ஆள் உங்கள் பையனை நிழல்போல ஒட்டுவான். இதுதான் பாக்ஸ் அண்ட் ஒன். 2019 என்.பி.ஏ. இறுதித் தொடரின் இரண்டாவது மேட்ச்சில் டொரன்டோ இதைக் கோல்டன் ஸ்டேட் அணியின் ஸ்டார் ஸ்டீபன் கர்ரிமேல் போட்டது. கோல்டன் ஸ்டேட் பல நிமிடம் புள்ளியே எடுக்க முடியாமல் திணறியது. கடைசியில் இருவர் கர்ரியை மடக்க, அவர் விட்ட பந்து சக ஆட்டக்காரர் லிவிங்ஸ்டன் கைக்குப் போய், அங்கிருந்து தனியாக நின்ற இன்னொரு சக ஆட்டக்காரர் இகுடாலாவுக்குப் போனது. அவர் மூன்று புள்ளி போட்டு ஜெயிக்க வைத்தார். உங்கள் அணியில் அந்த இகுடாலா யார்?

பாக்ஸ் அண்ட் ஒன்னை உடைக்க, பையனைப் பந்துக்காக ஓட விடாதீர்கள். மூலையில் நிறுத்துங்கள், காவல்காரனும் கூடவே போவான். மிச்சம் நாலுக்கு நாலு. சதுரத்தின் நடுவில், ஃப்ரீ த்ரோ கோட்டருகே ஒரு உயரமானவன் வந்து பந்தை வாங்கட்டும். கீழே நிற்கும் டிஃபென்டர் அவனை நோக்கி ஏறினால், பேஸ்லைன் (ரிங்குக்குப் பின்னால் உள்ள எல்லைக்கோடு) ஓரத்தில் இருப்பவனுக்கு ரிங்கடியில் பந்து. ஏறாவிட்டால் அங்கிருந்தே ஷூட். இன்னொரு வழி, உங்கள் ஸ்டாரே மற்றவனுக்கு ஸ்க்ரீன் போடுவது, அதாவது அவனைக் காப்பவன் வழியில் அசையாமல் நின்று மறிப்பது. அவனை விட்டு விலகக் காவல்காரன் பயப்படுவதால் ஸ்க்ரீன் வாங்கியவன் பெரும்பாலும் தனியாக வெளிவருவான்.

பயிற்சியில் தினமும் 10 நிமிடம் அவன் இல்லாமல் நாலுக்கு நாலு ஆடுங்கள். டிரிபிள் (பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது) கிடையாது, பாஸும் கட்டும் (ரிங்கை நோக்கி வெட்டி ஓடுவது) மட்டும், 14 நொடிக்குள் ஷூட். முதல் வாரம் அலங்கோலமாகத்தான் இருக்கும். அவனை எதிர்ப்பக்கம் டிஃபென்ஸில் போடுங்கள், சும்மா நிற்க வைத்தால் தண்டனை என்று நினைத்துக்கொள்வான்.

கேள்வி: ஒருவரே புள்ளிகளைக் குவித்தால் கோப்பை கிடைக்காதா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: அப்படி விதி இல்லை. ஆனால் என்.பி.ஏ.வின் பழைய ஆட்டக்காரர் வில்ட் சேம்பர்லைனைப் பாருங்கள். 1961-62ல் மேட்ச்சுக்குச் சராசரி 50.4 புள்ளி, ஒரே மேட்ச்சில் 100 புள்ளி. கோப்பை வரவில்லை. 1966-67ல் சராசரி 24.1ஆகக் குறைந்தது, பாஸ் கூடியது, அவருடைய ஃபிலடெல்ஃபியா அணி சாம்பியன். கூட ஆடியவர்களும் தரமானவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

கேள்வி: எங்கள் ஸ்கூல் டீமில் எனக்குப் பந்தே வருவதில்லை. அக்கா ஒருத்தரே ஷூட் செய்கிறார். நான் என்ன செய்வது?
– மாணவி, திருவொற்றியூர்

பதில்: தங்கச்சி, பாஸ் கொடுத்ததும் நின்றுவிடாதே, அதே நொடியில் ரிங்கை நோக்கி வெட்டி ஓடு. அக்காவை இருவர் மடக்கும்போது அவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்கு வந்து, இரண்டு கையையும் மார்புக்கு நேராக விரித்து, பெயர் சொல்லிக் கூப்பிடு. டிஃபென்டரின் முதுகுக்குப் பின்னால் நின்றால் அவருக்கு உன்னைத் தெரியாது. முழங்கால் மடங்கியே இருக்கட்டும். பந்து வந்த பிறகு காலைச் சரிசெய்தால் அதற்குள் ஆள் வந்துவிடுவாள். உனக்கென்று ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடு, பலகைக்கு 45 டிகிரியில், பெயின்ட் (ரிங்குக்கு முன்னால் வரைந்த செவ்வகம்) கோட்டுக்கு ஓரடி வெளியே. பலகையில் வரைந்த சிறு சதுரத்தின் மேல்மூலையைக் குறிவைத்துத் தினமும் 50 போடு. அக்காவையே பந்தைப் பொறுக்கிப் போடச் சொல், நீ அங்கே தவறவிடமாட்டாய் என்று அவர் கண்ணால் பார்க்கட்டும்.