முதலில் வால்வைத் தேடுங்கள்

கேள்வி: வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். பள்ளியில் நான்-டீடெய்லாகப் படித்த ‘ராபின்சன் குரூசோ’வை இப்போது முழுசாகப் படிக்கிறேன். ஆளில்லாத தீவில் மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் அவன் தன் கையாலேயே செய்துகொள்வதைப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. சமையலறைக் குழாய் சொட்டுகிறது, டாய்லெட்டிலும் தண்ணீர் எங்கோ போகிறது. சின்ன வேலைக்குப் பிளம்பர் வருவதில்லை. நானே கற்றுக்கொண்டு செய்யலாமா? “இந்த வயசுல இதெல்லாம் எதுக்கும்மா?” என்கிறான் மகன்.
– ஒரு வாசகி, மதுரை

பதில்: தாராளமாகச் செய்யலாம், சகோதரி. வயதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். டேனியல் டெஃபோ இந்த நாவலை 1719இல் வெளியிட்டபோது அவருக்குக் கிட்டத்தட்ட 60 வயது. அதுதான் அவருடைய முதல் நாவல்.

சுருக்கப் பதிப்புகளில் கப்பல் உடைவதும் மணலில் காலடித் தடமும் கட்டாயம் இருக்கும். அவன் வேலை செய்கிற பக்கங்களைத்தான் வெட்டிவிடுவார்கள். எனக்கோ அந்தப் பக்கங்கள்தான் உயிர். அதுவரை கருவியையே தொட்டிராத ஆள், ஒரு பலகை செதுக்க 42 நாள் எடுத்துக்கொள்கிறான். கப்பலிலிருந்து அவன் கரை சேர்த்தவற்றில், ஒரு கப்பல் நிறையத் தங்கத்தைவிட மேலாக மதித்தது தச்சரின் கருவிப் பெட்டியை. (முழுசாகப் படிக்கும்போது இன்னொன்றும் கண்ணில் படும். அவன் அந்தத் தீவில் ஒதுங்கியதே அடிமைகளை வாங்க ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பிய பயணத்தில்தான். அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அவன் கைவேலையை மதிக்கலாம், அதற்காக அவனையே மதித்தாக வேண்டும் என்றில்லை.)

ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னால், அவன் படகு செய்கிற இடத்தை இன்னொரு தடவை படியுங்கள். பெரிய தேவதாரு மரம். அடியை வெட்டவே 20 நாள், கிளைகளைக் கழிக்க 14 நாள், வெளி உருவத்துக்கு ஒரு மாதம், உள்ளே குடைய ஏறக்குறைய மூன்று மாதம். படகு அருமையாக வந்துவிட்டது. ஆனால் அதை அசைக்க முடியவில்லை. தண்ணீர் இருந்தது சுமார் 100 கஜ தூரத்தில், நடுவில் மேடு. ‘முதலில் செய்து முடிப்போம், இறக்க அப்புறம் ஏதாவது வழி கிடைக்கும்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் அவன் ஆரம்பித்திருந்தான்.

குழாய் வேலையில் புதிதாக இறங்குபவர்கள் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். குழாயைக் கழற்றிவிட்டு, தண்ணீரை எங்கே நிறுத்துவது என்று தேடுவார்கள். அதனால் முதல் நாள் எதையும் கழற்ற வேண்டாம். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய்களில் எந்த வால்வு சமையலறைக்குப் போகிறது என்று மூடித் திறந்து பாருங்கள். பல வருஷமாகத் தொடாத கேட் வால்வு உப்பு பிடித்து இறுகியிருக்கும், முரட்டுத்தனமாகத் திருப்பினால் உடைந்துவிடும். அசையவில்லை என்றால் பிளம்பரைக் கூப்பிட்டு அதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். அந்தச் செலவு வீண் இல்லை.

வால்வு மூடுகிறதா? சரி, இனி குழாய்க்கு வரலாம். குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்துவிடுங்கள். சிங்க் ஓட்டையைத் துணியால் அடையுங்கள், சின்ன ஸ்க்ரூ உள்ளே விழுந்தால் கிடைக்காது. பல சுற்று திருப்புகிற பழைய மாடல் என்றால், கைப்பிடியைக் கழற்றி, ஸ்பிண்டிலை (கைப்பிடி மாட்டியிருந்த தண்டு) ஸ்பேனரால் இடப்பக்கமாகத் திருப்பி எடுங்கள். அதன் அடியில் கறுப்பு ரப்பர் வாஷர் இருக்கும். ஓரம் தேய்ந்தோ நடுவில் வட்டமாகப் பள்ளம் விழுந்தோ இருந்தால், சொட்டுவதற்குக் காரணம் அதுதான். புது வாஷர் போடுவதற்கு முன், அது உட்காரும் பித்தளை விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாகவோ குழியாகவோ இருந்தால் புது வாஷரும் சீக்கிரம் போய்விடும், குழாயையே மாற்றுவதுதான் வழி. கால் சுற்றில் திறக்கிற புது மாடல் என்றால் உள்ளே வாஷருக்குப் பதில் பீங்கான் தகடு வைத்த கார்ட்ரிட்ஜ் இருக்கும். அதை முழுசாக மாற்ற வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும் என்பதால் பழையதைக் கையோடு ஹார்டுவேர் கடைக்குக் கொண்டுபோங்கள்.

குழாயையே மாற்றுவதாக இருந்தால், மரையில் கசியாமலிருக்கச் சுற்றுகிற மெல்லிய டெஃப்லான் டேப் தேவைப்படும். மரையின் முனை உங்களைப் பார்த்து இருக்கும்படி பிடித்து, கடிகாரம் சுற்றும் திசையில், இழுத்துப் பிடித்தபடி சுற்றுங்கள். மாற்றிச் சுற்றினால் முறுக்கும்போது டேப் சுருண்டுவிடும். குழாயின் வாய் நேராக வராமல் கொஞ்சம் தாண்டிப்போனால் பின்னால் திருப்பாதீர்கள், கழற்றிப் புது டேப் சுற்றி மறுபடி மாட்டுங்கள். பலம் காட்டி முறுக்கவும் வேண்டாம். சுவருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் இணைப்பு வெடித்தால் டைல்ஸை உடைக்க வேண்டிவரும்.

மகன் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. கீஸர், சுவருக்குள் கசிவு, ஏணி வைத்து ஏற வேண்டிய தொட்டி, இந்த மூன்றையும் ஆளிடம் விட்டுவிடுங்கள். குரூசோவுக்குக் கூப்பிட ஆள் இல்லை, உங்களுக்கு இருக்கிறார்கள்.

டாய்லெட்டில் போகிற தண்ணீருக்கு இன்றைக்கே ஒரு சோதனை செய்யலாம். ஃப்ளஷ் டேங்க் மூடியைத் திறந்து கொஞ்சம் கேசரி பவுடர் போட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே கோப்பையில் நிறம் தெரிந்தால் டேங்க்கின் அடியில் இருக்கும் வாஷர் போயிருக்கலாம். ஆனால் டேங்க் நடுவில் நிற்கும் குழாய் வழியாகத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தால் அதனாலும் நிறம் இறங்கும், அப்போது மிதவையைக் கொஞ்சம் தாழ்த்தி வையுங்கள்.