சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சிகிச்சையில் சப்ளிமென்ட்: எது உதவும், எது உபத்திரவம்?

வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: சிகிச்சை படுத்துகிறது, கடையில் கிடைக்கும் மாத்திரையோ பவுடரோ உதவுமா? பதில் சிகிச்சைக்குச் சிகிச்சை மாறும். பைக்குள் மருந்து செலுத்துவது ஒன்று, ஊசி வழியே கீமோ ஏற்றுவது வேறு, பையையே எடுத்துவிடுவது இன்னும் வேறு. அடுத்தவருக்கு எழுதிய பதிலை அப்படியே உங்களுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் கணவருக்கு வாரம் ஒருமுறை பிசிஜி மருந்து செலுத்துகிறார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து எரிச்சல் தாங்கவில்லை என்கிறார். கிரான்பெரி மாத்திரை கொடுக்கலாமா?

பிசிஜி என்பது வீரியம் குறைக்கப்பட்ட, உயிருள்ள பாக்டீரியா. காசநோய்த் தடுப்பூசியில் இருப்பதும் அதுவே. பையின் உட்சுவரில் அது அழற்சியைக் கிளப்பிவிட, அங்கே திரண்டு வரும் எதிர்ப்பு அணுக்கள் புற்றுச் செல்களையும் சேர்த்துத் தாக்குகின்றன. எரிச்சல், அடிக்கடி முட்டிக்கொண்டு வருவது, லேசான காய்ச்சல், உடம்புவலி எல்லாம் பெரும்பாலும் இந்த அழற்சியால் வருபவை. சாதாரணமாக இரண்டு நாளில் அடங்கிவிடும்.

கிரான்பெரியின் வேலை வேறு. அதிலுள்ள புரோஆந்தோசயனிடின் என்ற பொருள், ஈ.கோலை போன்ற கிருமிகள் சிறுநீர்ப் பாதையின் சுவரில் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கிறது. அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும் பெண்களுக்கு அது பலன் தருவதாக 2023இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு சொல்கிறது. தொற்றே இல்லாத எரிச்சலில் அதற்கு என்ன வேலை? ஜூஸாகக் குடித்தால் அதன் புளிப்பு எரிச்சலைக் கூட்டவும் செய்யலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கிரான்பெரியைத் தொடவே வேண்டாம்.

பலன் தருபவை சாதாரண விஷயங்கள். மருந்து செலுத்துவதற்குச் சில மணி நேரம் முன்பிருந்தே தண்ணீரையும் காபி, டீயையும் குறைத்துக்கொண்டால் மருந்தை இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருப்பது எளிது. வெளியேற்றிய பிறகு நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும். வலிக்குப் பாரசிட்டமால் போதும். முட்டிக்கொண்டு வருவதை அடக்கத் தனி மாத்திரை உண்டு, சிறுநீரக மருத்துவரிடம் கேட்டால் எழுதித் தருவார். கேட்பதற்குக் கூச்சப்பட்டுக்கொண்டு கேப்சூல் தேடுபவர்கள்தான் அதிகம். காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டி இரண்டு நாளாகியும் இறங்காவிட்டாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ மட்டும் காத்திருக்கக் கூடாது. பிசிஜி கிருமி ரத்தத்தில் கலந்திருக்கலாம். அபூர்வம்தான், ஆனால் ஆபத்தானது.

பிசிஜியோடு அதிக அளவு வைட்டமின் சாப்பிட்டால் கட்டி திரும்ப வராது என்று படித்தேன். பக்கவிளைவும் குறையுமாமே?

நீங்கள் படித்தது வெறும் வதந்தியில்லை, அதற்கு ஒரு பின்கதை இருக்கிறது. 1994இல் அமெரிக்காவில் 65 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பிசிஜியோடு ஏ, பி6, சி, ஈ வைட்டமின்களையும் துத்தநாகத்தையும் வழக்கமான அளவைப்போலப் பல மடங்கு கொடுத்தார்கள். அந்தக் குழுவில் கட்டி திரும்புவது வெகுவாகக் குறைந்திருந்தது. முடிவு பரபரப்பாகப் பேசப்பட்டது, அதே கலவை மாத்திரையாக விற்பனைக்கும் வந்தது. பிறகு 670 பேரை வைத்து நடத்தி 2010இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் வழக்கமான அளவு சாப்பிட்டவர்களுக்கும் பல மடங்கு சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. முதல் ஆய்வை நடத்திய மருத்துவரே இரண்டாவதிலும் ஒரு ஆசிரியர் என்பது அவருடைய நேர்மைக்குச் சாட்சி. இணையத்தில் இன்றும் சுற்றிக்கொண்டிருப்பது என்னவோ முதல் ஆய்வு மட்டும்தான்.

வைட்டமின் ஈ பற்றிக் கூடுதலாக ஒன்று. தசைக்குள் பரவாத சிறுநீர்ப்பைப் புற்று உள்ளவர்களுக்குச் செலினியமும் வைட்டமின் ஈயும் கொடுத்துப் பார்த்த பிரிட்டன் ஆய்வு 2023இல் வெளியானது. செலினியத்தால் பலன் இல்லை. வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களுக்குக் கட்டி திரும்பி வந்தது அதிகமாக இருந்தது. தினம் 200 ஐ.யு., அவ்வளவுதான். கடைகளில் 400 ஐ.யு. கேப்சூல் தாராளமாகக் கிடைக்கிறது. சருமத்துக்கு நல்லது என்று அதைப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் இன்றே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

வழக்கமான அளவில் ஒரு மல்டிவைட்டமின் சாப்பிட்டால் குடிமுழுகிப் போகாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போவது அதிலுள்ள ரிபோஃப்ளேவின் என்ற பி2 வைட்டமினால், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். சிவப்போ பழுப்போ தெரிந்தால் அது வேறு விஷயம்.

சிஸ்பிளாட்டின் கீமோ நான்கு சுற்று முடிந்தது. விரல் நுனிகள் மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தான் போடவே சிரமமாக இருக்கிறது. நண்பர் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையை இரண்டு வேளையும் போடச் சொல்கிறார்.

நரம்பு என்றால் பி காம்ப்ளெக்ஸ் என்பது ஊர் அறிந்த வைத்தியம். இங்கே அது காலை வாரிவிடும். வைட்டமின் பி6 நாள்கணக்கில் அதிகமானால் அதுவே நரம்பைக் கெடுக்கும், அறிகுறியும் இதே மரப்புதான். அப்புறம் மரப்பு கீமோவால் வந்ததா மாத்திரையால் வந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் பெரியவர்களுக்கு உச்சவரம்பு நாளுக்கு 100 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023இல் தன் வரம்பை 12 மில்லிகிராமுக்கே இறக்கிவிட்டது. சில நரம்பு மாத்திரைகளில் ஒன்றிலேயே இந்த வரம்பைத் தாண்டிய பி6 இருக்கும். அட்டையைத் திருப்பிப் பைரிடாக்ஸின் என்ற வரியைப் பாருங்கள், பி6இன் இன்னொரு பெயர் அது.

சினைப்பைப் புற்றுக்குச் சிஸ்பிளாட்டின் அடங்கிய சிகிச்சை எடுத்தவர்களுக்கு அதிக அளவு பி6 கொடுத்த பழைய ஆய்வு ஒன்று உண்டு. நரம்புப் பாதிப்பு குறைந்தது. கூடவே சிகிச்சையின் பலன் நீடித்த காலமும் குறைந்தது. அந்தப் பேரம் நமக்குக் கட்டுப்படியாகாது. அசிட்டைல் எல்-கார்னிடின் என்ற இன்னொரு சப்ளிமென்ட்டும் நரம்புக்கு என்று விற்கிறது. மார்பகப் புற்றுக்கு டாக்ஸேன் வகைக் கீமோ எடுத்தவர்களிடம் சோதித்தபோது அது மரப்பை மோசமாக்கியது. அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

பி12 குறைவா என்று ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்திருந்தால் ஈடு செய்வது சரியான வைத்தியம். வலியோடு கூடிய மரப்பு என்றால் டுலாக்ஸிடின் என்ற மருந்தை மருத்துவர் யோசிப்பார். அடுத்த சுற்று பாக்கி இருந்தால் இந்தப் பொத்தான் விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா என்று முடிவெடுக்க அவர்கள் தேடுவது இப்படிப்பட்ட தகவலைத்தான்.

அதே சிஸ்பிளாட்டின்தான் அப்பாவுக்கும். ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. மெக்னீசியம் மாத்திரை தரலாமா?

தேவைப்படலாம். சிஸ்பிளாட்டின் சிறுநீரகக் குழாய்களைப் பாதித்து மெக்னீசியத்தைச் சிறுநீரில் ஒழுகவிடும், பொட்டாசியமும் கூடவே போகும். அதனால்தான் பல இடங்களில் கீமோ நாளன்றே சலைனோடு மெக்னீசியமும் ஏற்றுகிறார்கள். ஆனால் அதே சிறுநீரகம் பழுதுபட்டிருந்தால் மாத்திரையாகக் கொடுக்கும் மெக்னீசியம் வெளியேறாமல் உடலில் தேங்கும். ரத்தத்தில் கிரியேட்டினினும் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது) மெக்னீசியமும் பார்த்துவிட்டு அளவை மருத்துவர் சொல்லட்டும். மாத்திரையால் வயிற்றுப்போக்கு வந்தால் அதையும் சொல்லுங்கள், மெக்னீசிய உப்பின் வகையை மாற்றித் தருவார்கள்.

கீமோ குமட்டலுக்கு இஞ்சி கேப்சூல்?

குமட்டல் மாத்திரையோடு சேர்த்து என்றால் சரி, அதற்குப் பதிலாக என்றால் கூடாது. 576 பேரிடம் நடந்த ஓர் அமெரிக்க ஆய்வில் நாளுக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை இஞ்சி எடுத்தவர்களுக்கு முதல் நாள் குமட்டல் குறைந்தது. ஒன்றரை கிராம் எடுத்தவர்களுக்கு அந்த அளவு பலன் இல்லை, ஆகவே கூட்டிக்கொண்டே போகாதீர்கள். பிளேட்லெட் குறைந்திருந்தாலோ ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிட்டாலோ முதலில் கேளுங்கள்.

ரேடியேஷன் தொடங்கியதிலிருந்து வயிற்றுப்போக்கு. புரோபயாடிக் நல்லதா?

இடுப்புப் பகுதி ரேடியேஷனில் வயிற்றுப்போக்கைத் தடுக்க லாக்டோபசில்லஸ் உள்ள புரோபயாடிக்கை யோசிக்கலாம் என்று வழிகாட்டுதல்களே சொல்கின்றன. இந்தப் பட்டியலில் ஓரளவு ஆதாரம் உள்ள சிலவற்றில் இதுவும் ஒன்று. கூடவே கீமோ நடந்து வெள்ளணுக்கள் இறங்கியிருந்தாலோ, உடலில் சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய்க்குள் வைத்த குழாய்) இருந்தாலோ வேண்டாம். உயிருள்ள கிருமி ரத்தத்துக்குள் போக அது வழிவிடும். உடலின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிப் புற்றைத் தாக்கவைக்கும் இம்யூனோதெரபி எடுப்பவர்களும் சற்றுப் பொறுங்கள். இம்யூனோதெரபி எடுத்த மெலனோமா (ஒருவகைத் தோல் புற்று) நோயாளிகளை ஆராய்ந்தவர்கள் நார்ச்சத்து நிறையச் சாப்பிட்டவர்களுக்குப் பலன் கூடியிருந்ததைக் கண்டார்கள். கடையில் வாங்கிய புரோபயாடிக் அப்படி எந்த உதவியும் செய்யவில்லை.

இம்யூனோதெரபி எடுக்கிறேன். முன்பு கீமோவில் கொட்டிய முடி வளர பயோட்டின் போடுகிறேன். தொடரலாமா?

பயோட்டின் ஒரு பி வைட்டமின், முடிக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது, கீமோ நின்றால் முடி தானாக வளரும். சங்கடம் பரிசோதனைக் கூடத்தில்தான். பெம்ப்ரோலிசுமாப் போன்ற இம்யூனோதெரபி மருந்துகள் தைராய்டைத் தாக்கலாம் என்பதால் அடிக்கடி டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்ப்பார்கள். அதிக அளவு பயோட்டின் அந்தப் பரிசோதனையையே ஏமாற்றும், இல்லாத நோயைக் காட்டும், இருக்கும் நோயை மறைக்கும். மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின் சோதனையிலும் இதே கோளாறு உண்டு என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இலேயே எச்சரித்திருக்கிறது. நிறுத்திவிடுங்கள். அடுத்த முறை ரத்தம் கொடுக்கும்போது, இதுவரை எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

எர்டாஃபிட்டினிப் என்ற புற்றுநோய் மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். எலும்புக்காகச் சாப்பிடும் கால்சியம், வைட்டமின் டி?

மருத்துவர் சொல்லும்வரை நிறுத்தி வையுங்கள். இந்த மருந்து ரத்தத்தில் பாஸ்பேட்டை ஏற்றும். அந்த ஏற்றத்தைப் பார்த்துத்தான் 14 முதல் 21 நாள்களுக்குள் அளவைத் தீர்மானிக்கிறார்கள். நடுவில் பாஸ்பேட்டை மாற்றும் எதையாவது சாப்பிட்டால் கணக்கு தப்பிவிடும்.

பையை எடுத்துவிட்டுக் குடலில் புதுப் பை செய்து நான்கு வருடம் ஆகிறது. ஆறு மாதமாகக் களைப்பு, மறதி. சத்து மாத்திரை எதை வாங்குவது?

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை. புதுப் பை செய்யப் பெரும்பாலும் சிறுகுடலின் பின்பகுதியை எடுப்பார்கள். வைட்டமின் பி12 உறிஞ்சப்படுவது சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான். வெட்டிய மறுநாளே குறை தெரியாது. கல்லீரலில் சில வருடத்துக்கான இருப்பு இருக்கும். அது கரைந்து முடிகிற நேரத்தில், அறுவை சிகிச்சையையே மறந்துவிட்ட சமயத்தில், களைப்பும் மறதியும் கால் மரப்பும் எட்டிப் பார்க்கும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு இன்னும் சீக்கிரம் வரலாம். வருடம் ஒருமுறை பி12 பார்த்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

குறைந்திருந்தால் ஊசியாகவோ அதிக அளவு மாத்திரையாகவோ ஈடு செய்யலாம். ஃபோலிக் அமிலத்தை மட்டும் தனியாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். ரத்தசோகை சரியானதுபோல் காட்டிவிட்டு, உள்ளே நரம்பு பாதிக்கப்படுவதைத் தொடரவிடும்.

பைகார்பனேட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். குடலால் செய்த பை சிறுநீரிலிருந்து அமிலத்தைத் திரும்ப உள்ளே இழுக்கும். ரத்தம் அமிலத்தன்மை அடைந்தாலும் இதே களைப்பு வரும், பசி போகும், காலப்போக்கில் எலும்பும் தேயும். அதற்குச் சோடியம் பைகார்பனேட் மாத்திரை மருத்துவரே தருவார். எந்தச் சத்து டானிக்கும் அதை ஈடுகட்டாது.

மூலிகைப் பவுடர்தானே, டாக்டரிடம் சொல்ல வேண்டுமா?

அரிஸ்டலோக்கியா என்பதும் மூலிகைதான். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைக்கும் சிகிச்சையில் அது கலந்த மாத்திரையைச் சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது, பிறகு சிலருக்குச் சிறுநீர்ப் பாதையிலேயே புற்று வந்தது. உங்கள் பவுடரில் அது இருக்கிறது என்று சொல்லவில்லை. உள்ளே இருப்பது என்ன என்று டப்பாவில் முழுமையாக எழுதியிருக்கிறதா என்றுதான் கேட்கிறேன். டப்பாவின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் போனில் படமெடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். மீன் எண்ணெய், பூண்டு, ஜின்கோ, மஞ்சள் கேப்சூல் எதுவானாலும் சரி. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் இரண்டு வாரத்துக்கு முன்பே காட்டிவிடுங்கள். ரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவற்றை நிறுத்த அவர்களுக்கு அந்த அவகாசம் வேண்டும்.