சிகாகோவில் சிங்கிள் பெட்ரூம் வாடகைக்கு: வாசகர் கேள்விகள்

கீழே உள்ள விதிகள் சிகாகோ நகர எல்லைக்குள் மட்டும். நேப்பர்வில், ஷாம்பர்க் போன்ற புறநகர்ப் பக்கம் வீடு பார்ப்பவர்கள் இவற்றை நம்பி ஓனரிடம் வாதாட வேண்டாம்.

அட்வான்ஸ் வேண்டாம், 400 டாலர் 'மூவ்-இன் ஃபீ' (குடிவரும்போது ஒரு முறை கட்டும் கட்டணம்) போதும் என்கிறார் ஓனர். ஏதாவது உள்குத்து இருக்குமா?

இல்லை, இங்கே அது சகஜம். ஆனால் அந்தப் பணம் திரும்ப வராது.

அட்வான்ஸ் வாங்கினால் ஓனருக்குத்தான் தலைவலி. ஆர்.எல்.டி.ஓ. எனப்படும் நகர வாடகைச் சட்டப்படி, அதைத் தன் பணத்தோடு கலக்காமல் இல்லினாய் வங்கி ஒன்றில் வட்டிக் கணக்கில் போட வேண்டும். ரசீது தர வேண்டும், வங்கியின் பெயரை லீஸில் எழுத வேண்டும். நீங்கள் காலி செய்த பிறகு, சேதத்துக்குப் பிடித்தம் செய்வதானால் 30 நாளுக்குள் கணக்கு, 45 நாளுக்குள் மீதிப் பணம். தவறினால் அட்வான்ஸைப் போல் இரு மடங்கும் வக்கீல் செலவும் அவர் தலையில் விழும். அதனால்தான் பலர் கட்டணமாக வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள். (வட்டியை நம்பி யாரும் அட்வான்ஸ் கேட்க வேண்டாம். பல ஆண்டுகளாக 0.01 சதவீதம்தான், 1,500 டாலருக்கு வருடம் 15 சென்ட்!)

இரண்டு விஷயம் கவனியுங்கள். கட்டணம் கட்டிவிட்டதால் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று ஆகாது, தனியாக பில் வரலாம். சாவி வாங்கிய அன்றே சுவர், தரை, அடுப்பு, ஃப்ரிட்ஜ் உள்பக்கம் எல்லாவற்றையும் படமெடுத்து ஓனருக்கு மெயில் அனுப்பிவிடுங்கள். அடுத்து, ஆறு அல்லது அதற்குக் குறைவான வீடுகள் கொண்ட கட்டடத்தில் ஓனரும் குடியிருந்தால் இந்தச் சட்டமே பொருந்தாது.

'ஹீட் இன்க்ளூடட்' (ஹீட்டிங் செலவு வாடகையிலேயே சேர்ந்த) வீடு மாதம் 100 டாலர் அதிகம். எடுக்கலாமா?

பழைய செங்கல் கட்டடம் என்றால் பெரும்பாலும் எடுக்கலாம். அடித்தளத்தில் ஒரே பாய்லர், அறைக்கு அறை ரேடியேட்டர், கேஸ் பில் ஓனருடையது. ஹீட்டிங் செலவு உங்கள் தலையில் என்றால், மாதச் சராசரி எவ்வளவு வரும் என்பதை ஓனர் எழுத்தில் தர வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே கேட்டு வாங்குங்கள். சுவரோரம் நீளமாக ஓடும் மின்சார ஹீட்டர் உள்ள வீடு என்றால் இரண்டு முறை யோசியுங்கள். ஜனவரி பில்லில் அந்த 100 டாலர் மிச்சம் காணாமல் போய்விடும்.

ஓனர் தரும் ஹீட்டுக்கும் அளவு உண்டு. செப்டம்பர் 15 முதல் ஜூன் 1 வரை, காலை 8.30 முதல் இரவு 10.30 வரை 68 டிகிரி ஃபாரன்ஹீட், மற்ற நேரம் 66. குறைந்தால் தெர்மாமீட்டரைப் படமெடுத்து ஓனருக்கு எழுத்தில் சொல்லுங்கள், பிறகு நகரப் புகார் எண்ணான 311-ஐ அழையுங்கள்.

ராத்திரியில் ரேடியேட்டர் சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம் போடுகிறதா? ஒரே குழாயில் நீராவி போய்வரும் வகையில் வால்வைப் பாதி திறந்து வைத்தால் தண்ணீர் உள்ளே தேங்கிவிடும். நீராவி அதில் மோதும். முழுக்கத் திறந்துவிடுங்கள், அல்லது முழுக்க மூடுங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் ரேடியேட்டர் வால்வு பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் எதிர்முனைக் காலின் கீழே மெல்லிய கட்டை வைக்கச் சொல்லுங்கள்.

ஊரிலிருந்து இப்போதுதான் வந்தேன், கிரெடிட் ஸ்கோரே இல்லை.

ஆஃபர் லெட்டர், பாஸ்போர்ட், விசா, வங்கி இருப்பு ஆகியவற்றை ஒரே பிடிஎஃப்பாக வைத்துக்கொள்ளுங்கள். வாடகையைப் போல் மூன்று மடங்கு சம்பளம் எதிர்பார்ப்பார்கள். குறைந்தால் கேரண்டர் (வாடகைக்குப் பொறுப்பேற்கும் ஆள்) கேட்பார்கள். புரோக்கருக்கு இங்கே பொதுவாக ஓனர்தான் பணம் தருவார், நீங்கள் கொடுக்க வேண்டாம்.

ஆறாம் மாதம் வேலை மாறுகிறது. லீஸை உடைக்க ஓனர் இரண்டு மாத வாடகை கேட்கிறார்.

ஆர்.எல்.டி.ஓ. பொருந்தும் வீடு என்றால், பணம் கட்டுவதற்கு முன் சப்லெட் (உங்கள் இடத்தில் வேறொருவரை வாடகைக்கு வைப்பது) பாருங்கள். நீங்கள் கொண்டுவரும் நியாயமான ஆளைத் தனிக் கட்டணம் வாங்காமல் ஓனர் ஏற்க வேண்டும். ஆனால் அந்த ஆள் வாடகை கட்டாவிட்டால் ஓனர் உங்கள் கதவைத்தான் தட்டுவார். ஆகவே சம்பளச் சீட்டைப் பார்க்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

வாடகை தாமதமானால் 150 டாலர் அபராதமாம்?

அதுவும் ஆர்.எல்.டி.ஓ. வீட்டில் செல்லாது. முதல் 500 டாலருக்கு 10 டாலர், மீதிக்கு 5 சதவீதம். 1,600 டாலர் வாடகைக்கு 65 டாலருக்கு மேல் கேட்க முடியாது.

'கார்டன் யூனிட்' மலிவாகக் கிடைக்கிறதே?

தோட்டமெல்லாம் இருக்காது, பாதி தரைக்குள் இறங்கிய வீடு. சிகாகோவில் மழைநீரும் சாக்கடையும் பெரும்பாலும் ஒரே குழாயில் ஓடுவதால், கனமழையில் தண்ணீர் தரை வடிகால் வழியே திரும்பி வரும். சுவரின் அடிப்பக்கத்தில் நீர்க்கோடு, புதிதாக ஒட்டுப்போட்ட பெயின்ட், ஈர வாடை இருக்கிறதா பாருங்கள். அப்படியும் எடுப்பதானால் ரென்டர்ஸ் இன்சூரன்ஸில் சாக்கடை நீர் திரும்புவதற்கான பிரிவைத் தனியாகக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரண பாலிசியில் அது பெரும்பாலும் இருக்காது.