கடை சாஃப்ட்வேரை யாரிடம் கொடுப்பது?

கேள்வி: அம்பையிலும் தென்காசியிலும் எங்களுக்கு ஜவுளிக்கடை இருக்கிறது. பில்லிங், ஸ்டாக் இரண்டுக்கும் சேர்த்து வெளிக் கம்பெனியிடம் சாஃப்ட்வேர் செய்யக் கொடுக்கப்போகிறோம். குறைந்த விலை சொன்னவரிடமே கொடுத்துவிடலாமா?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: விலையை அப்புறம் பாருங்கள். முதலில் அவர்கள் செய்துகொடுத்த இன்னொரு துணிக்கடைக்குப் போய், தீபாவளிக் கூட்டத்தில் பில் திணறியதா, நெட் போனால் என்ன ஆகிறது என்று கேளுங்கள், அதுவும் முதலாளியிடம் அல்ல, பில் போடுகிற பிள்ளைகளிடம். 2025 செப்டம்பர் 22-ல் 2,500 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18 என்று மாறியதே, அன்று காலை அந்தக் கடையில் வரி சரியாக விழுந்ததா?

இன்னொன்று, பலரும் கோட்டைவிடுவது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியாள் எழுதிய சோர்ஸ் கோடின் (சாஃப்ட்வேரை இயக்கும் மூல நிரல்) உரிமை பொதுவாக அவருக்கே, முழுப் பணம் கொடுத்திருந்தாலும் எழுத்தில் மாற்றி வாங்காவிட்டால் அது உங்களுடையது ஆகாது. அப்படி எழுதி வாங்கும்போது உரிமை எத்தனை ஆண்டுக்கு என்பதையும் குறிப்பிடுங்கள், விட்டுவிட்டால் 5 ஆண்டு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். சாஃப்ட்வேரும் கடை விவரங்களும் இருக்கிற சர்வரின் கணக்கும் உங்கள் பெயரில் இருக்கட்டும்.

மொத்தப் பணத்தையும் முன்னால் கொடுத்துவிடாதீர்கள். அம்பைக் கடையில் மட்டும் ஒரு மாதம் ஓட்டுங்கள், ஸ்டாக் கணக்கும் ரேக்கில் இருக்கிற துணியும் ஒத்துப்போனால் தென்காசிக்குப் போகலாம்.